மாணவர் கையில் மலையக வரலாறு

ஏட்டில் எழுதப்பட்டதே வரலாறு என்பது பலர் கொள்கை. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளுக்குக் குறைவும் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த 1820களிலிருந்து தோட்டத் துரைமார் எழுதினர்; அரசாங்க அதிபர்கள் ஆண்டறிக்கை எழுதினர்; வைத்திய அதிகாரிகள் சாவுக் கணக்கு எழுதினர்; தொழிற்சங்கத்தார் மகஜர் எழுதினர். இவற்றுள் பெரும்பாலானவற்றில் தொழிலாளி ஓர் எண்ணாகவே நிற்கிறான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்தோரின் கழுத்தில் தகரச் சீட்டொன்றைக் கட்டி அனுப்பினார்கள். போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. சீட்டைச் சுமந்தவன் பெயருக்கு அதில் இடமில்லை.

அந்தப் பெயர்கள் எங்கே போயின? லயத்து இஸ்தோப்பிலே மாலை வேளையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் முதியோர் நாவிலே அவற்றுட் சில இன்னும் இருக்கின்றன. விடியலிற் பெரட்டுக்கு அழைத்த தப்பின் அடியிலும், காமன் கூத்தின் பாட்டிலும், பிள்ளைமடுவத்தில் தொட்டிலாட்டிய ஆயாவின் தாலாட்டிலும் எழுதப்படாத வரலாறு பெரும் பகுதி கிடக்கிறது. காகிதம் இதனை முற்றாகத் தாங்காது. தப்பின் அடியை எழுத்திலே எவ்வாறு காட்டுவது? ஒலியாகவே பிடித்தல் வேண்டும். அதற்குரிய கருவியோ இன்று பெரும்பாலான வீடுகளிற் கைத்தொலைபேசி வடிவில் இருக்கிறது.

ஒலி, ஒளிப்படம், நிலப்படம், எழுத்து ஆகியவற்றை ஒருங்கு சேர்த்து, கணினியிலும் இணையத்திலும் பிறர் கேட்கவும் காணவும் படிக்கவும் வைக்கும் முயற்சியைப் பல்லூடக எண்ணிம வரலாறு என்று இக்காலத்தார் கூறுவர். பெயர் பெரிது, தொடக்கம் சிறிதாயிருத்தல் கூடும். நம் கல்லூரியின் பத்தாம், பதினோராம் தர மாணவர் இதனைத் தொடங்குதல் வேண்டும் என்பதும், தேர்ச்சி பெற்றவர் வரட்டும் என்று காத்திராமல் உடனே தொடங்குதல் வேண்டும் என்பதும் என் கருத்து.

உடனே என்று சொல்வதற்குக் காரணம் எளிய கணக்கு. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களின் எதிர்காலத்தை அவர்களுள் ஒருவரையும் கேளாமலே பங்கிட்ட ஒப்பந்தம் அது. 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 300,000 பேர் இலங்கைக்கு என்றும் எழுதினார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974இல், இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அன்று இருபது வயது நிரம்பியிருந்தவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தம் தந்தை நாடற்றவரானதைப் பத்து வயதிற் பார்த்தவர் தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தின்போது கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டதை நேரிற் கண்டவர் எவரையும் இனித் தேடிக் காண்பது அரிது. ஆனால் 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திலே, காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்ட நாளை நினைவில் வைத்திருப்போர் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் இன்னும் வாழ்கின்றனர். முன்னதற்குக் காலம் கடந்துவிட்டது. பின்னதற்கு இன்னுஞ் சில ஆண்டுகள் உள்ளன.

முதுமை ஒன்றே இடையூறன்று. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மனிதரோடு மனிதரின் தகரப் பெட்டிகளும் புதைந்தன. பிறப்புச் சான்றிதழும், பழைய பற்றுச்சீட்டும், கலியாணப் படமும் அத்தகைய பெட்டிகளில்தான் இருக்கும். அவற்றை முன்னரே எவரேனும் படம் பிடித்து வேறோரிடத்தில் வைத்திருந்தால், தப்பிப் பிழைத்தவர்க்கு அப்படங்களேனும் மிஞ்சியிருக்கும்.

இனி, மாணவரால் இது இயலுமா என்று ஐயுறுவோர் உளர். வரலாறு கற்றுத் தேறிய பின் அன்றோ வரலாறு எழுதுதல் வேண்டும் என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் மலையகத்தைப் பொறுத்த வரை உண்மைக்குப் பொருந்தாது. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணிக்கிடையே தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டினார். அதற்கென அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி ஒன்றும் இருந்ததில்லை. கோ. நடேசய்யரின் வாழ்வை மறதியிலிருந்து மீட்டெடுத்த சாரல்நாடனும் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். நம் வரலாற்றின் அடிப்படை நூல்கள் பல ஆர்வலர் கையால் ஆனவை; மாணவர் அவ்வரிசையிற் சேர்வதிற் புதுமை ஒன்றுமில்லை.

பிற நாடுகளிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து மலைப்பகுதிப் பாடசாலை ஒன்றில், வகுப்பில் மனம் ஊன்றாத மாணவர் சிலர், அயலிலிருந்த கிழவர் கிழவியரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றனர். மரவீடு கட்டுவது எப்படி, சவர்க்காரம் காய்ச்சுவது எப்படி, பிறை பார்த்து விதைப்பது எப்படி என்று கேட்டு எழுதினர். அவர்கள் நடத்திய 'பொக்ஸ்பயர்' என்ற சஞ்சிகையின் கட்டுரைகள் 1972இல் நூலாகி நாடெங்கும் விற்பனையாயின. இந்தியாவிலே, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய கிராமப்புற மக்கள் ஆவணக் களமாகிய 'பாரி', மாணவர் தம் ஊர்களிற் கேட்டெழுதியவற்றையும் வெளியிடுகிறது. தமிழிலும் அதனைப் படிக்கலாம். அங்கு இயன்றது இங்கு இயலாமற் போவதற்குக் காரணம் தெரியவில்லை.

நம் மாணவரிடம் வேறெந்த ஆராய்ச்சியாளரிடமும் இல்லாத சாதனம் ஒன்றும் இருக்கிறது. அது உறவுமுறை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒருவர் வந்து, "அம்மா, நீங்கள் எந்த ஆண்டில் வேலைக்குப் பதிந்தீர்கள்?" என்று கேட்டால், தோட்டக் கந்தோரில் உத்தியோகத்தருக்குச் சொல்லும் பதிலையே அந்த அம்மாள் சொல்வார். கேட்டவர் மனம் நோகாத பதில். தமக்குத் தீங்கு வராத பதில். பேத்தி அருகில் அமர்ந்து, "அப்பாயி, மொத நாளு கூட மாட்டுனப்போ ஒனக்கு எத்தன வயசு?" என்று கேட்டால் கதை வேறு வழியிற் போகும். கூடையின் நாடா தலையில் அழுந்திய தழும்பு வரும். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசியது வரும். நிறுவையிற் குறைத்த கணக்கப்பிள்ளையும் வருவார். கூச்சமும் அச்சமும் நீங்கிய இப்பேச்சு எந்தப் பட்டத்துக்கும் கிடைப்பதில்லை.

ஆயினும் ஆண்டு கேட்டால் அப்பாயி ஆண்டு சொல்லமாட்டார். மாவுக்கு வரிசை நின்ற காலம் என்பார். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என்பார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம், கம்பெனிக்குக் கொடுத்த வருஷம் என்பார். இங்கேதான் மாணவரின் வரலாற்றுப் பாடம் உண்மையாகத் தொடங்குகிறது. மாவுக்கு வரிசை நின்றது 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சமாயிருக்கலாம். அரசாங்கம் எடுத்தது 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும். கம்பெனிகளிடம் நிருவாகம் மீண்டது 1992இல். நினைவின் காலத்தையும் ஏட்டின் காலத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பொருத்திப் பார்க்கும் மாணவர், பரீட்சைக்காக மனனஞ் செய்த ஆண்டுகளை மறக்கமாட்டார். பொருந்தாத இடம் வந்தால் இரண்டையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். பாட்டி தவறாகச் சொன்னார் என்று திருத்திவிடுதல் கூடாது. அரசாங்க ஏடு பொய் என்று தள்ளிவிடுதலும் கூடாது.

இப்போது பாடசாலைகளில் நடைபெறுவது யாது? வரலாற்று ஒப்படை என்ற பெயரால் மாணவர் இணையத்திலிருந்து ஜேம்ஸ் டெய்லரின் படத்தை அச்சிட்டு ஒட்டுகின்றனர். 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார் என்று அழகிய கையெழுத்தில் எழுதுகின்றனர். சுற்றிலும் மினுங்கும் தாள் ஒட்டி ஆசிரியரிடம் கொடுக்கின்றனர். தவணை முடிந்ததும் அவை பழைய கடதாசிக் கடைக்குப் போகின்றன. டெய்லர் நட்டது உண்மை. அந்தப் பத்தொன்பது ஏக்கருக்கும் குழி வெட்டியவர் யார் என்று ஒரு மாணவரும் கேட்கவில்லை. கேட்கும்படி எவரும் சொல்லவுமில்லை. கணினி வந்த பின் இந்நோய் தீரவில்லை. மினுங்கும் தாளுக்குப் பதிலாக மினுங்கும் எழுத்து வந்திருக்கிறது. பச்சை மலைகளை வானிலிருந்து பிடித்த படமும், அதன்மேற் சினிமாப் பாட்டும், கண்ணீர் மல்கும் வசனமும் சேர்ந்தால் அது வரலாறாகிவிடும் என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அத்தகைய படங்களில் ஒரு தொழிலாளியின் குரல் இருபது விநாடிக்கு மேல் ஒலிப்பதைக் காண்பது அரிது.

ஆதலால் தொடக்க மாணவருக்கு என் முதல் யோசனை, பொருளைச் சுருக்குக என்பதே. 'மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு' என்ற தலைப்பை எடுக்கும் மாணவர் ஒன்றையும் முடிக்கமாட்டார். ஒரு பொருளை எடுக்கலாம்: வீட்டிலுள்ள பித்தளைக் குடம், கவ்வாத்துக் கத்தி, படங்குச் சாக்கு, தோட்டத்துக் கோயில் மணி. ஓரிடத்தை எடுக்கலாம்: பெரட்டுக் களம், பிள்ளைமடுவம், பீலிக்கரை. ஹட்டன் பக்கத்து மாணவராயின், 1884இல் தங்கள் ஊருக்கு வந்த புகையிரதப் பாதையையும், கொட்டகலைக்குப் போகும் வழியிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தையும் எடுத்துக்கொண்டு, அதனைப் பற்றி ஊரிலே வழங்கும் கதைகளை மட்டும் திரட்டினாலும் ஓராண்டு வேலைக்குப் போதும். ஒரு பொருள், ஒரு குரல், மூன்று படம், மூன்று நிமிடம். முதல் முயற்சிக்கு இதுவே நிறைவான அளவு.

ஒலியிலே கூடிய கவனம் வேண்டும். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்வோம். பேச்சு விளங்காவிட்டால் எல்லாம் வீண். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் வைகாசி முதல் புரட்டாதி வரை தகரக் கூரையில் மழை பொழியும்போது ஒருவர் பேசுவது அருகிலிருப்பவர்க்கே கேட்பதில்லை. தொலைபேசி என்ன செய்யும்? மழை ஓய்ந்த நாளிற் போக வேண்டும். தொலைபேசியை மடித்த துணியின்மேல், பேசுபவரின் வாய்க்கு ஒரு முழத் தூரத்துக்குள் வைக்க வேண்டும். அழைப்பு வந்து பதிவைக் குழப்பாதபடி அதன் தொடர்பை நிறுத்திவிட வேண்டும். பேச்சுத் தொடங்குமுன் அரை நிமிடம் எவரும் பேசாமல் அறையின் ஓசையைப் பதிந்துகொண்டால் பின்னர் வெட்டி ஒட்டும்போது உதவும். கேள்வி கேட்ட பின் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எல்லாவற்றிலும் கடினமானது. முதியவர் பேச்சை நிறுத்தி மௌனமாயிருக்கும் வேளையில் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால், அந்த மௌனத்துக்குப் பின் வரவிருந்த சொல் வராமலே போய்விடும். பதிந்த பின், மூலப் பதிவில் ஒரு விநாடியையும் வெட்டாமல் தனியே வைத்துவிட்டு, அதன் பிரதியிலேதான் கத்தரி வைக்க வேண்டும். வெட்டுவதற்கு 'ஓடாசிட்டி' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றைப் பழகுவது இக்காலப் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுதின் வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்லத் தேவையுண்டு. கேட்டதை எழுதும்போது நம் பிள்ளைகள் அதனைப் பாடநூற் செந்தமிழாக்கிவிடுவர். பெரட்டு என்ற சொல் 'காலை வருகைப் பதிவு' ஆகிவிடும். லயம் 'வரிசைக் குடியிருப்பு' ஆகிவிடும். கவ்வாத்து 'கத்தரித்தல்' ஆகிவிடும். செந்தமிழில் எனக்குள்ள பற்று எவர்க்கும் குறைந்ததன்று; இக்கட்டுரையே சான்று. ஆனால் சாட்சியின் சொல்லை மாற்றும் உரிமை எழுதுவோனுக்கு இல்லை. ஆங்கிலத்திலிருந்தும் சிங்களத்திலிருந்தும் வந்து, மலைக்காற்றில் உருமாறி, இருநூறாண்டு உழைத்த சொற்கள் அவை. அவற்றைத் திருத்தினால் வரலாற்றின் ஒரு பகுதியையே அழித்தவராவோம்.

இன்னொன்று: நம் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் நெடுங்காலம் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இதனைத் தட்டச்சுச் செய்தல் ஆகாது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும், தேடினாலும் அகப்படாது. ஒருங்குறியில் எழுதியது எங்கும் திறக்கும், எங்கும் தேடக் கிடைக்கும். கோப்புக்குப் பெயரிடும்போது திகதி, தோட்டம், டிவிசன், பொருள் என்ற ஒழுங்கில் இட வேண்டும். 'புதியது', 'கடைசி', 'கடைசி இரண்டு' என்று பெயரிட்டவை ஆறு மாதத்தின் பின் இட்டவருக்கே விளங்கா.

இனிப் பெயரைப் பற்றிய சிக்கல். தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் எத்தனையோ முறை அச்சாகியிருக்கிறது. அவர் பெயர் அச்சாவதில்லை. தகரச் சீட்டிற் பெயரில்லாத வழக்கம் வண்ணப்படத்திலும் தொடர்கிறது. நம் மாணவர் எடுக்கும் படத்தின் கீழே பெயர் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். என் விருப்பத்தினும் பெரியது அப்பெண்ணின் விருப்பம். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, இணையத்தில் வைக்கலாமா, வீட்டாருக்கு மட்டுமா என்று தனித்தனியே கேட்டு, பதிவிலேயே அவர் வாயால் விடை வாங்க வேண்டும். நாளை மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்றும் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தபடி எடுத்துவிடவும் வேண்டும். குடியுரிமைச் சான்றிதழையும் பழைய கடவுச்சீட்டையும் படம் பிடித்தால், அவற்றின் இலக்கங்களை மறைத்த பிரதியே வெளியே செல்லலாம். கடன், சாதி, கலப்பு மணம், 1983 ஆடி மாதத்தில் எரிந்த வீடுகள் ஆகியவை பற்றிப் பேச்சு வந்தால், உயிரோடிருக்கும் பிறர் பெயரும் உடன் வரும். அப்பகுதியை ஆசிரியரோடு அமர்ந்து கேட்ட பின்னரே மேற்கொண்டு ஏதும் செய்தல் வேண்டும். பாட்டி அழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் வைத்துக் கொடுக்க வேண்டும். அழுகையைப் படம் பிடித்தால் நல்ல வரவேற்புக் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை வரலாற்றாசிரியனாகமாட்டான்.

நம் கதையின் பாதி இங்கு இல்லை என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏறிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மேடையில் நின்றவரும் அழுதனர். வண்டியில் இருந்தவரும் அழுதனர். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1980களில் போர் அவ்வழியை அடைத்தது. போய்ச் சேர்ந்தவருட் பலர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் - அவை பின்னர் 'டான்டீ' எனப் பெயர் பெற்றன - மீண்டும் கொழுந்து பறித்தனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கின்றனர். அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்பர். இங்கே நம்மை நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தார்கள்.

ஆகவே ஒரு செயற்றிட்டத்தை இப்படி எண்ணிப் பாருங்கள். பொகவந்தலாவையில் இருக்கும் தங்கையும் கோத்தகிரியில் இருக்கும் அக்காளும், பிரிந்த நாளைப் பற்றித் தனித்தனியே பேசுகின்றனர். இங்கே ஒரு பேரன் பதிகிறான். அங்கே ஒரு பேத்தி பதிகிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கச் செய்கிறார்கள். நிலையத்தில் யார் முதலிற் கையை விட்டார்கள் என்பதில் இருவரும் ஒத்துப்போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இவ்விரு குரலையும் ஒருங்கே தாங்கும் ஏடு எந்த ஆவணக் காப்பகத்திலும் இராது. முன்னர் இதற்குக் கப்பற் பயணம் வேண்டியிருந்தது; இன்று தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசலாம்.

நிலப்படம் பற்றியும் சிறிது சொல்வேன். கல்லூரியிற் சேரும்போது நம் மாணவருட் பலர் முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதுவர். வீட்டிலக்கமும் தெருப்பெயரும் எழுத அவர்களுக்கு இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கையிற் சேரும், சேராமலும் போகும். இணைய நிலப்படங்களிலே தொழிற்சாலையும் துரை பங்களாவும் பெயரோடு இருக்க, லயங்கள் பெயரற்ற கட்டங்களாகக் கிடப்பதைப் பார்க்கலாம். எவரும் திருத்தி எழுதக்கூடிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்ற நிலப்படம் ஒன்றுண்டு. கோயில், பிள்ளைமடுவம், பீலி, குறுக்குப் பாதை, மக்கள் மலைகளுக்கு வைத்து வழங்கும் பெயர்கள் ஆகியவற்றை மாணவர் அதிலே குறிக்கலாம். ஒவ்வொரு குறியையும் ஒரு குரற்பதிவோடு இணைக்கலாம். தோட்டத்து வரைபடம் எழுதும் உரிமை இதுவரை துரையின் கந்தோருக்கே இருந்தது.

இவ்வளவையும் எங்கே வைப்பது? 2023இல் இருநூறாண்டு நிறைவின்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை யூலை 28 முதல் ஓகஸ்டு 12 வரை மக்கள் நடந்து சென்றனர். வழியெங்கும் எத்தனையோ கைகள் படம் எடுத்தன. பாட்டும் பேச்சும் பதிந்தன. அவற்றுட் பெரும் பகுதி அவரவர் தொலைபேசியிலும் முகநூலிலும் சிதறிக் கிடக்கின்றது. தொலைபேசி உடைந்தால் அதுவும் போயிற்று. இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்பதைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொள்ளுதல் கூடாது. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் பேணுகிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்துப் பழைய லயத்திலே 2007இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் இருக்கிறது. தொடங்கும் மாணவரை முதலில் அங்கே ஒருநாள் அழைத்துச் செல்ல வேண்டும். நம் வீட்டுப் பித்தளைக் குடத்துக்கு அரும்பொருளகத்திலும் இடமுண்டு என்பதை அவர் கண்ணாற் காண்பது நன்று. ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒரு பிரதி கல்லூரி வாசிகசாலைக்கு, ஒரு பிரதி பேசியவரின் குடும்பத்துக்கு என்ற முறையை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளலாம்.

இணையத்துக்குப் போகுமுன் அதனைக் கேட்க வேண்டியவர் லயத்தார். கோயில் மண்டபத்தில் ஒரு மாலை எல்லாரையும் அமர்த்திப் போட்டுக் காட்டினால், "அது நாலாம் நம்பர் மலை இல்லை, ஆறாம் நம்பர்" என்று ஒருவர் எழுவார்; "அந்தக் கங்காணி பேரு அது இல்லை" என்று மற்றொருவர் எழுவார். புலமையாளர் சபையிற் கிடைக்கும் திருத்தத்திலும் இது நம்பத்தக்கது. அந்தச் சச்சரவையும் பதிந்துகொள்வது நலம்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விழா ஆண்டு வந்தால் நாம் கல்லூரிக்குக் கணினி வாங்கிக் கொடுப்போம், படம் எடுப்போம், மாலை சூடுவோம். அக்கணினிகள் பூட்டிய அறையிலே தூசி படிந்திருப்பதையும் பல பாடசாலைகளிற் பார்க்கிறோம். இம்முறை வேறொன்று செய்யலாம். வெளிக்கன்வட்டு இரண்டு வாங்க ஆகும் செலவு பெரிதன்று. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கும்படி அதிபரைக் கேட்டுக்கொள்வோம். நம்முள் எழுபது கடந்தவர் தாமே முன்வந்து மாணவர் முன் அமர்ந்து பேசலாம். ஆசிரியரிடம் அடி வாங்கியது முதல், லயத்துப் பிள்ளை என்று சொல்லக் கூசி முகவரியை மாற்றிச் சொன்ன நாள் வரை. பின்னதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் கேட்கும் பிள்ளைகளுட் சிலர் இன்றும் அப்படி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பர்.

வீட்டில் பழைய படமும் பற்றுச்சீட்டும் வைத்திருப்போர் அவற்றைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் கொண்டுவந்தாற் போதும், மாணவர் படியெடுத்துத் திருப்பித் தருவர். படத்தின் பின்புறத்திலே, அதில் நிற்பவர் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்தால் வேலை பாதியாகும். தை, மாசியில் எங்கள் பக்கத்தில் மழை குறைவு. கூரை பேசாதிருக்கும் அம்மாதங்களிலேயே முதற் பதிவுகளை வைத்துக்கொள்ளலாம்.